மாடி லேப்டாப்புக்குக் கடைச் சிஸ்டம் தெரியாமல் போனது ஏன்: ஒரு வீட்டு வலையமைப்பின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

தஞ்சை மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். கீழ்த்தளத்தின் முன்பகுதியில் ஃபோட்டோ ஸ்டூடியோ, மாடியில் குடியிருப்பு. கணவர் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறார். மனைவி ஆல்பம் வடிவமைக்கிறார். முன்பு அவரும் கடையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார். குழந்தை பிறந்த பிறகு மாடியில் ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு, குழந்தை தூங்கும் நேரத்தில் கரிஸ்மா ஆல்பத்தின் பக்கங்களை அடுக்கத் தொடங்கினார்.

படங்கள் எல்லாம் கீழே கடைச் சிஸ்டத்தில் இருந்தன. இரண்டு நாள் கல்யாணம் ஒன்றுக்கு 3000 படங்கள் சாதாரணம். கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் ரா வடிவில் ஒரு படம் 25 எம்.பி. என்று வைத்தாலும் மொத்தம் 75 ஜி.பி. வந்துவிடும். பென்டிரைவ் ஒன்று மாடிக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருந்தது. எந்தப் பிரதி புதியது, எது பழையது என்ற குழப்பத்தில், திருத்தப்படாத பக்கம் ஒன்று அச்சுக்கே போய்விட்டது. அந்த ஆல்பத்தை மறுபடி அச்சடித்துக் கொடுத்த பிறகுதான், இரண்டு கணினிகளையும் எப்படியாவது இணைக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அலுவலகங்களின் வலையமைப்பைப் பராமரிப்பது என் வேலை. அந்தப் பழக்கத்தில் என்னை அழைத்தார்கள். அதற்கு முன் ஓர் ஆண்டுக்கு மேலாக, கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவர் அவ்வப்போது வந்து சரிசெய்து கொடுத்திருந்தார். இணைப்பு கொஞ்ச நாள் வரும், அப்புறம் போய்விடும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றதால், கடைச் சிஸ்டத்தை விண்டோஸ் 11 புரோவுக்கு உயர்த்தினார்கள். அன்றிலிருந்து எதுவுமே வரவில்லை.

## என்ன வேண்டும் என்று கேட்டது

"கீழே இருக்கிற சிஸ்டம் மேலே வரணும்" என்றார் கணவர். இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு தேவைகள் இருக்கின்றன. கீழ்க் கணினியில் இருக்கும் ஃபைல்களை மேல் கணினியில் திறப்பது ஒன்று. கீழ்க் கணினியின் திரையையே மேலே கொண்டுவந்து, அதன் மென்பொருளை அங்கிருந்து இயக்குவது இன்னொன்று. முதலாவதில் தரவு நகர்கிறது, வேலை செய்வது லேப்டாப். இரண்டாவதில் தரவு இருந்த இடத்திலேயே இருக்கும், திரையின் படம் மட்டும் நகர்கிறது.

மனைவியின் பதில் தெளிவாக இருந்தது. "அண்ணே, எனக்கு ஃபைல் வந்தா போதும். பென்டிரைவைத் தூக்கிட்டு ஏறி இறங்க முடியலை." கணவரோ, ராத்திரி கடையைச் சாத்திய பிறகு கீழே ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ ரெண்டரிங் (தொகுத்த வீடியோவை இறுதி ஃபைலாக்குவது) முடிந்ததா என்று மாடியிலிருந்தே பார்க்க விரும்பினார். ஆக, பகலுக்கு ஃபைல், இரவுக்குத் திரை. எதையும் தொடுவதற்கு முன் இதை எழுதி வைத்துக்கொண்டோம். பிறகு எடுத்த முடிவுகளில் பாதி இந்தக் குறிப்பிலிருந்தே வந்தது.

## முதலில் பார்த்தவை

கடைச் சிஸ்டத்தில், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் முழுதாக அணைக்கப்பட்டிருந்தது. படங்கள் இருக்கும் டிரைவ் மொத்தமும், அதன் வேரிலிருந்தே, எல்லாருக்கும் முழு உரிமையோடு பகிரப்பட்டிருந்தது. பாஸ்வேர்டு கேட்கும் பகிர்வு நிறுத்தப்பட்டிருந்தது. காலையில் வரும் உதவியாளப் பையன் தட்டச்சு செய்யத் தேவையில்லாமல் இருக்கட்டும் என்று, தினமும் திறக்கும் பயனர் கணக்குக்குப் பாஸ்வேர்டே வைக்கவில்லை. இரண்டு கணினிகளிலும் எஸ்.எம்.பி.1 என்ற பழைய ஃபைல் பகிர்வு நெறிமுறையை வலியத் திறந்து வைத்திருந்தார்கள். விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது மைக்ரோசாஃப்ட் இதைச் சேர்ப்பதில்லை.

இவற்றில் எதையும் அந்தத் தம்பி சோம்பேறித்தனமாகச் செய்ததாக நான் நினைக்கவில்லை. வரவில்லை என்றால் ஒவ்வொரு பூட்டாகத் திறந்து பார்ப்பதுதான் பலரும் செய்வது. ஒரு பூட்டைத் திறந்தும் பயனில்லை என்றால் அதைத் திரும்பப் பூட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அது நடக்கவில்லை.

கடைக்கு வரும் வாடிக்கையாளர்களிடம் வைஃபை பாஸ்வேர்டு சாதாரணமாகச் சொல்லப்பட்டு வந்தது. செல்ஃபோனிலிருந்து படம் அனுப்பிப் பிரிண்ட் போடுகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் அந்த வைஃபையில் நுழைகிற யாருடைய ஃபோனும் மொத்த டிரைவையும் திறக்கலாம், அழிக்கவும் செய்யலாம் என்ற நிலை மாதக்கணக்கில் இருந்திருக்கிறது.

அறிகுறிகளையும் கேட்டு எழுதிக்கொண்டோம். சிஸ்டத்தை உயர்த்துவதற்கு முன்பு, லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டுவந்தால் ஃபோல்டர் திறந்தது. மாடிக்குப் போனால் நெட்வொர்க் பகுதியில் சிஸ்டத்தின் பெயரே தெரியவில்லை. வலையமைப்பில் கணினியைக் குறிக்கும் எண்ணான ஐ.பி. முகவரியை நேராக அடித்தால் மாடியிலும் திறந்தது, ஆனால் கரண்ட் போய் வந்த மறுநாள் அதுவும் நின்றது. கடைச் சிஸ்டத்திலிருந்து மாடி லேப்டாப்பைத் தொட ஒருபோதும் முடிந்ததில்லை. உயர்த்திய பிறகு இடம், முகவரி என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாமே நின்றது.

## பாதை எங்கே அறுந்திருந்தது

சிஸ்டத்திலும் லேப்டாப்பிலும் கட்டளைத் திரையைத் திறந்து ஐ.பி. விவரங்களைப் பார்த்தோம். சிஸ்டத்தின் முகவரி 192.168.1 என்று தொடங்கியது, மாடி லேப்டாப்பினுடையது 192.168.0 என்று. பல மாதத் தொல்லைக்கு இந்த ஓர் எண் வேறுபாடே முக்கியக் காரணம்.

கான்கிரீட் தளம் வைஃபையை விடவில்லை என்பதால், மாடிக்கென்று தனியாக ஒரு ரவுட்டர் வாங்கியிருந்தார்கள். கீழே ஃபைபர் இணைப்போடு வந்த மோடத்திலிருந்து ஒரு கேபிள் மாடிக்குப் போய், அந்த ரவுட்டரில் இணையம் உள்ளே வருவதற்கான வான் (WAN) துளையில் செருகப்பட்டிருந்தது. பெட்டியோடு வந்த விளக்கப் படம் அப்படித்தான் செருகச் சொல்லும். இணையம் வந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் அப்படிச் செருகியதும் அந்த ரவுட்டர் தனக்குக் கீழே தனி வலையமைப்பு ஒன்றை உருவாக்கிக்கொண்டது. ஒரே வீடு, ஒரே இணைய பில், உள்ளே இரண்டு வலையமைப்புகள்.

அடுக்குமாடி வாட்ச்மேன் போல, ரவுட்டர் உள்ளிருந்து வெளியே போகிறதைத் தடுப்பதில்லை. வெளியிலிருந்து வருவதை மட்டும் யாரைப் பார்க்க என்று கேட்டு, பதில் தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். மாடி லேப்டாப்புக்குக் கீழ் மோடம் இருக்கும் பக்கம் 'வெளி'. அதனால் மேலிருந்து கீழே முகவரி சொல்லிப் போக முடிந்தது, கீழிருந்து மேலே வர முடியவில்லை. கணினிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் அழைப்புகள் ஒரு வலையமைப்பின் எல்லைக்குள் மட்டும் ஒலிபரப்பாகின்றன, ரவுட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவே மாடியில் பெயர் தெரியவில்லை. லேப்டாப் கடைக்கு வந்து மோடத்தின் வைஃபையைப் பிடித்ததும் இரண்டும் ஒரே வலையமைப்பில் வந்துவிட்டன, எல்லாம் சரியாகிவிட்டது. கரண்ட் போய் வந்தபோது மோடம் சிஸ்டத்துக்கு வேறு முகவரி கொடுத்தது, பழைய முகவரியில் தேடிய லேப்டாப் தோற்றது. குறித்து வைத்த அறிகுறிகள் எல்லாம் பொருந்தின, ஒன்றைத் தவிர.

உயர்த்திய பிறகு கடையில்கூட வராமல் போனதற்கு வேறு காரணம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புரோ வகைக் கணினிகள் ஃபைல் பகிர்வின் ஒவ்வொரு செய்தியும் மின்முறையில் கையெழுத்திடப்பட்டிருக்க வேண்டும் என்று இயல்பாகவே கேட்கின்றன. கையெழுத்துக்கான சாவி பயனரின் பாஸ்வேர்டிலிருந்து பிறக்கிறது. பாஸ்வேர்டு இல்லாத விருந்தினர் நுழைவுக்குச் சாவி கிடையாது, அதனால் கையெழுத்தும் இல்லை, அனுமதியும் இல்லை. பாஸ்வேர்டு இல்லாத பகிர்வு இத்தனை நாள் விருந்தினர் வழியில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பழைய பழுது ஒன்று, புதிய பழுது ஒன்று, இரண்டும் ஒரே நேரத்தில். ஒன்றை மட்டும் சரிசெய்தால் பலன் தெரியாது. அதனால் செய்தது தவறு என்று நினைத்து அதையும் கலைத்துவிடுவோம். வீட்டு வலையமைப்பில் ஆட்கள் களைத்துப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

## முதல் முடிவு: திறந்ததை மூடுவது

இரண்டு வலையமைப்பையும் ஒன்றாக்குவதற்கு முன், திறந்து கிடந்தவற்றை மூடினோம். ஃபயர்வாலைப் போட்டோம், எஸ்.எம்.பி.1-ஐ இரண்டிலும் நீக்கினோம், டிரைவ் மொத்தத்தின் பகிர்வையும் நீக்கினோம்.

"வரவே இல்லைங்கிறப்ப, இன்னும் மூடுறீங்களே அண்ணே?" என்று கேட்டார் கணவர். கேள்வி நியாயமானது. ஒரே வலையமைப்பாக்கினால் மாடியில் இருக்கும் சாதனங்களும் வாடிக்கையாளர்களின் ஃபோன்களோடு ஒரே அறைக்குள் வந்துவிடும். இணைத்துவிட்டு அப்புறம் பூட்டலாம் என்றால், வேலை நடக்கத் தொடங்கிய மறுநாளே 'அப்புறம்' மறந்துபோகும். எஸ்.எம்.பி.1 பற்றி அவரிடம் ஒரு செய்தியைச் சொன்னேன். 2017 மே 12-இல் உலகம் முழுவதும் பரவிய வான்னாகிரை என்ற தீநிரல் இந்த நெறிமுறையின் ஓட்டை வழியாகவே கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. திருத்தம் போடாத கணினிகள் ஃபைல்களைப் பூட்டிக்கொண்டு பணம் கேட்டன. பத்து வருடக் கல்யாணப் படங்கள் இருக்கும் டிரைவுக்கு உரியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வாடிக்கையாளர்களுக்கு மோடத்திலேயே தனி விருந்தினர் வைஃபை ஒன்றை வைத்தோம். பெயர் வேறாக இருப்பது மட்டும் போதாது. சில மோடங்களில் இரண்டாவது வைஃபைப் பெயர் வைத்தாலும், அதில் நுழைந்தவர் உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்கலாம். உள் சாதனங்களைத் தொட விடாத தேர்வைப் போட்டுவிட்டு, ஒரு ஃபோனை அதில் இணைத்து, சிஸ்டத்தின் முகவரி கிடைக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டோம்.

## இரண்டாவது முடிவு: ஒரே வலையமைப்பு

மாடி ரவுட்டரை அக்சஸ் பாயின்ட் என்ற நிலைக்கு மாற்றினோம். அந்த நிலையில் அது முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, வைஃபையை மட்டும் பரப்பும். முகவரி கொடுப்பது கீழ் மோடம் ஒன்றுதான். இந்த நிலை இல்லாத பழைய ரவுட்டர் என்றால், முகவரி வழங்கும் டி.எச்.சி.பி.யை அணைத்து, ரவுட்டரின் சொந்த முகவரியைக் கீழ் வலையமைப்பில் மோதாத ஒன்றாக மாற்றி, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து, உள் சாதனங்களுக்கான லான் (LAN) துளையில் செருகினாலும் அதே பலன் கிடைக்கும்.

மாற்றியதும் லேப்டாப்புக்கு 192.168.1 என்று தொடங்கும் முகவரி வந்தது. இரண்டு கணினிகளிலும் நெட்வொர்க் வகையைப் 'பொது' என்பதிலிருந்து 'தனியார்' என்று மாற்றினோம். பொது என்றிருந்தால், ரயில் நிலையத்தில் இருப்பதாக நினைத்து விண்டோஸ் பகிர்வை மூடிவைக்கும். சிஸ்டத்தின் பெயர் மாடியில் முதல் முறையாகத் தெரிந்தது.

நிலையான ஐ.பி. வைக்கலாமா என்ற பேச்சும் வந்தது. வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரே வலையமைப்புக்குள் பெயர் வேலை செய்கிறது. பெயரை வைத்து இணைத்தால் முகவரி மாறினாலும் கவலையில்லை. இவ்வளவு சின்ன இடத்தில் எண்ணை நம்பியிருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

## கணக்கும் உரிமையும்

பாஸ்வேர்டில்தான் கணவர் நீண்ட நேரம் பிடிவாதமாக இருந்தார். பையன் காலையில் வந்ததும் சிஸ்டம் திறக்க வேண்டும் என்பது அவர் தேவை. பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வைத்து நெட்வொர்க் வழியாக நுழைய விண்டோஸ் இயல்பாகவே விடுவதில்லை. அப்படிப்பட்ட கணக்கு விசைப்பலகைக்கு எதிரே உட்காருகிறவருக்கு மட்டுமே.

வழி இப்படிப் பிறந்தது. கடைக் கணக்குக்கு நீளமான பாஸ்வேர்டு ஒன்றை வைத்து, எழுதி பீரோவில் வைத்தோம். தினசரி திறக்கச் சிறிய பின் (PIN) எண். பின் எண் அந்தக் கணினியோடு கட்டுப்பட்டது, நெட்வொர்க் வழியாக வேலை செய்யாது, அதனால் பையனுக்குத் தெரிந்தாலும் மாடியிலிருந்தோ வெளியிலிருந்தோ நுழைய உதவாது. ஆல்பம் வேலைக்கென்று சாதாரண உரிமையுள்ள இன்னொரு கணக்கை உருவாக்கி, அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் லேப்டாப்பில் ஒருமுறை கொடுத்துச் சேமித்தோம்.

பகிர்ந்தது படங்களும் ஆல்பங்களும் இருக்கும் ஃபோல்டர் ஒன்று மட்டுமே. ஒரு ஃபோல்டருக்கு இரண்டு இடங்களில் உரிமை கொடுக்க வேண்டியிருப்பது பலரைக் குழப்புகிறது. பகிர்வின் உரிமை ஒன்று, டிஸ்கில் அந்த ஃபோல்டருக்கே உள்ள உரிமை ஒன்று. நெட்வொர்க்கில் வருகிறவருக்கு இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். பகிர்வில் முழு உரிமை கொடுத்தும் 'அனுமதி இல்லை' என்று வந்தால், இரண்டாவதைப் பார்க்க வேண்டும்.

ஒரிஜினல் படங்களைப் படிக்க மட்டும், ஆல்பம் ஃபோல்டரில் எழுதவும் என்று பிரிக்கலாமா என்ற யோசனையை முன்வைத்தேன். தேர்ந்தெடுத்த படங்களை ஒரிஜினலின் பக்கத்திலேயே ஓர் உள் ஃபோல்டரில் வைப்பது மனைவியின் பழக்கம். பிரித்தால் வேலை குழம்பும் என்றார். முழு ஃபோல்டருக்கும் எழுதும் உரிமை கொடுக்கப்பட்டது.

## வேகம்

இணைப்பு வந்துவிட்டது, ஆனால் மாடி வைஃபையில் விநாடிக்கு 5 அல்லது 6 எம்.பி.தான் வந்தது. ரா படங்களைப் புரட்டும்போது ஒவ்வொன்றும் மெதுவாகத் தெளிந்தது. லேப்டாப்பைக் கேபிளில் இணைத்தபோது 11 எம்.பி.யில் நின்றது. இந்த எண் ஒரு துப்பு. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி அதிகபட்சம் 12.5 எம்.பி., நடைமுறையில் 11 சொச்சம். எங்கோ ஒரு கண்ணி 100-இல் மாட்டியிருக்கிறது என்று பொருள்.

இரண்டு கண்ணிகள் மாட்டியிருந்தன. மாடி ரவுட்டர் மலிவு ரகம், அதன் கேபிள் துளைகளே 100 மெகாபிட். மாடிக்குப் போன கேபிளின் முனையில் எட்டுக் கம்பிகளில் நான்கை மட்டும் சேர்த்துக் கிரிம்ப் (பிளக்கில் அழுத்திப் பொருத்துவது) செய்திருந்தார்கள். நான்கு கம்பியில் 100 மெகாபிட் ஓடும், 1000 மெகாபிட்டான ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிளின் இரு முனைகளையும் எட்டுக் கம்பியோடு மறுபடி கிரிம்ப் செய்து, கடையில் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஜிகாபிட் சுவிட்ச் ஒன்றை வைத்து, மாடியில் ஜிகாபிட் துளைகள் உள்ள ரவுட்டரை அக்சஸ் பாயின்டாக வைத்தோம். சிஸ்டத்திலிருந்து வரும் கேபிளும் மாடிக் கேபிளும் அந்தச் சுவிட்சிலேயே சேர்கின்றன, மோடத்தின் துளை எந்த வேகமாக இருந்தாலும் இந்தப் பாதையைப் பாதிக்காது.

வேகம் 100 எம்.பி.யை ஒட்டி வந்தது. 75 ஜி.பி. கல்யாணம் ஒன்றைப் பழைய கேபிளில் நகர்த்த இரண்டு மணி நேரம் ஆகும், இப்போது கால் மணி நேரத்துக்குள் முடிகிறது. இணையத் திட்டத்தின் வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. வீட்டுக்குள் ஃபைல் நகர இணையமே வேண்டாம். "பிளானை உயர்த்தினா சரியாகுமா?" என்று அவர்கள் முன்பே விசாரித்திருந்தார்கள். உயர்த்தியிருந்தால் மாதாமாதம் காசு போயிருக்கும், ஆல்பம் அதே வேகத்தில்தான் திறந்திருக்கும்.

படங்களைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் ஒரு தடங்கல் வந்தது. எந்தப் படத்தில் என்ன திருத்தம் என்று குறித்து வைக்கும் தன் கேட்டலாக் ஃபைலை அது நெட்வொர்க் டிரைவில் வைத்துத் திறக்க விடுவதில்லை. படங்கள் நெட்வொர்க்கில் இருக்கலாம். கேட்டலாக்கை லேப்டாப்பிலும் படங்களைச் சிஸ்டத்திலுமாக வைத்ததில் வேலை ஓடியது.

## திரையைக் கொண்டுவந்தபோது

கடைச் சிஸ்டம் புரோ வகை என்பதால் ஒரு கணினியின் திரையை இன்னொன்றில் காட்டும் விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப் அதில் இருந்தது. ஹோம் வகைக் கணினியின் திரையை இந்த முறையில் தர முடியாது. ஆனால் ஹோம் வகையிலிருந்து புரோவுக்குப் போகலாம். லேப்டாப் ஹோம்தான், அதனால் சிக்கலில்லை.

இரவில் நன்றாக வேலை செய்தது. ஒரு பகலில் மனைவி அவசரமாக எதையோ பார்க்க மாடியிலிருந்து உள்ளே நுழைந்தார். கீழே பாஸ்போர்ட் அளவுப் படத்தை வெட்டிக்கொண்டிருந்த பையனின் திரை பூட்டிக்கொண்டது, எதிரே வாடிக்கையாளர் நின்றுகொண்டிருந்தார். பையன் பின் எண்ணை அடித்தார், மாடியில் இணைப்பு அறுந்தது. மனைவி மேலே மறுபடி நுழைந்தார், கீழே மறுபடி பூட்டியது. கணினி கெட்டுவிட்டது என்று இருவருமே நினைத்திருக்கிறார்கள். சாதாரண விண்டோஸில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் திரையில் இருக்க முடியும் என்பது அதன் உரிம விதி.

இதைச் சுற்றிப் போக இணையத்தில் ஒட்டு மென்பொருள்கள் கிடைக்கின்றன. அவை உரிமத்தை மீறுவதோடு, விண்டோஸ் புதுப்பிப்பு வரும்போது உடைகின்றன. வேண்டாம் என்றோம். பகலில் திரை வேண்டாம், ஃபைல் மட்டும், திரை கடை சாத்திய பிறகு என்பதே ஏற்பாடு. முதல் நாள் எழுதி வைத்த குறிப்பும் இதைத்தான் சொன்னது. ரிமோட் டெஸ்க்டாப்பில் வரும் படம் சுருக்கப்பட்டு வருவதால், பட்டுப் புடவையின் நிறத்தையோ முகத்தின் நிறத்தையோ அதில் பார்த்துத் திருத்துவதும் சரிவராது.

இரவில் சிஸ்டம் தூங்கிப்போய்விட்டால் மாடியிலிருந்து ஃபைலும் திரையும் கிடைக்காது. கேபிள் வழியே எழுப்பும் வசதியை யோசித்துவிட்டு, ரெண்டரிங் ஓடும் நாட்களில் சிஸ்டம் தூங்காமல் இருக்கும்படி மட்டும் வைத்தோம். மற்ற நாட்களில் கடையோடு அதுவும் அணைகிறது.

## வெளியிலிருந்து பார்க்க முடியுமா

வீட்டுக்குள் வேலை நடக்கத் தொடங்கியதும், மண்டபத்திலிருந்தே கடைச் சிஸ்டத்தைத் திறக்க வேண்டும் என்று கணவர் கேட்டார். மோடத்தில், வெளியிலிருந்து உள்ளே வரும் வழியான போர்ட் ஒன்றைத் திறந்துவிட்டால் போதும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மோடத்தின் வெளி முகவரியைப் பார்த்தோம். 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டது. இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்போது பயன்படுத்தும் எண் வரிசை அது. இங்கே போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. வர முடிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டேன். ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்தில் திறந்து வைத்தால், பாஸ்வேர்டை ஊகிக்கும் தானியங்கி முயற்சிகள் உடனே தொடங்கிவிடும். வெளியிலிருந்து வரத்தான் வேண்டும் என்றால் பூட்டிய தனிப் பாதை போன்ற வி.பி.என். ஒன்றின் வழியாக வருவது சரி.

எதற்காக என்று கேட்டதில், முகூர்த்தம் முடிந்ததும் பெண் வீட்டாருக்கு நாலைந்து படம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் என்றார். அதற்குக் கடைச் சிஸ்டமே தேவையில்லை. கேமராவிலிருந்து ஃபோனுக்கு மாற்றி அங்கிருந்தே அனுப்புகிறார்.

## பின்னர் நடந்தவை

சில வாரங்களில் ஓர் அழிப்பு நடந்தது. மனைவி மாடியிலிருந்து வேண்டாத பிரதிகளை நீக்கும்போது, ஒரு நிச்சயதார்த்தத்தின் ஒரிஜினல் ஃபோல்டரும் சேர்ந்து போய்விட்டது. ரீசைக்கிள் பின்னில் இருக்கும் என்று இரண்டு கணினிகளிலும் தேடினார்கள், இல்லை. நெட்வொர்க் பகிர்வு வழியாக அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை, நேராக அழிந்துவிடும். மெமரி கார்டை அழிப்பதற்கு முன் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து வைப்பது கணவரின் பழைய வழக்கம். ஒரிஜினல்கள் அதிலிருந்து திரும்பின. தேர்ந்தெடுத்துப் பிரித்த வேலை மட்டும் போனது, மனைவி மறுபடி உட்கார்ந்து பிரித்தார்.

அன்றே ஒரிஜினல் ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று மாற்றினோம். தேர்ந்தெடுத்தவை ஆல்பம் ஃபோல்டருக்குள் தனியாகப் போகின்றன. பழக்கம் மாறச் சில நாள் முணுமுணுப்பு இருந்தது, அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

கோடை மழையில் ஒரு நாள் இடி இறங்கி மோடம் கருகியது. இணைய நிறுவனத்தின் ஆள் வேறு மோடம் வைத்துவிட்டுப் போனார். இணையம் வந்தது, ஃபோல்டர் வரவில்லை. மோடம் மாறினால் விண்டோஸ் அதைப் புதிய வலையமைப்பாகக் கருதி 'பொது' என்று வைத்துக்கொள்ளும். இதைச் சிஸ்டத்தின் பக்கவாட்டில் ஒட்டிய தாளில் எழுதி வைத்திருந்ததால், மனைவியே 'தனியார்' என்று மாற்றிக்கொண்டார். பெயரில் இணைத்திருந்ததால் புதிய மோடம் கொடுத்த வேறு முகவரிகள் தொல்லை தரவில்லை. ஆனால் வாடிக்கையாளர்களுக்கான தனி வைஃபை புதிய மோடத்தில் இல்லை என்பது பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. அதுவரை வந்தவர்களுக்கெல்லாம் வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டே கொடுக்கப்பட்டிருந்தது. ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு இருந்ததால் சேதமில்லை. வைஃபை பாஸ்வேர்டை மாற்றி, தனி வைஃபையைத் திரும்ப வைத்தார்கள்.

## மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

ஒரிஜினலைப் படிக்க மட்டும் என்பதை வீட்டாரின் விருப்பத்துக்கு விடாமல் முதல் நாளிலிருந்தே வைக்க வேண்டும். எழுதும் உரிமை கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது எழுத ஓர் இடம்தான், எல்லா இடமும் அல்ல.

ஒட்டிய தாளில் கணினி பக்க அமைப்புகள் மட்டும் இருந்தன. மோடத்தில் செய்தவையும் இருந்திருக்க வேண்டும். மோடம் இணைய நிறுவனத்தின் பொருள், எப்போது வேண்டுமானாலும் மாறும். அதில் செய்த ஒவ்வொரு மாற்றமும் அன்றோடு போய்விடும். இப்போது தாளில் அதற்கும் இரண்டு வரி சேர்ந்திருக்கிறது.

வெளி ஹார்ட் டிஸ்க் பிரதி இன்னும் கணவரின் கையால் எடுப்பதாகவே இருக்கிறது, அதுவும் கடையிலேயே சிஸ்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த இடி அதையும் சேர்த்து எடுத்துவிடலாம். இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி மாடியில் வைத்து, இரவில் கேபிள் வழியாகப் பிரதி எடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். ஜிகாபிட் பாதை தயாராக இருக்கிறது, டிஸ்க் இன்னும் வாங்கவில்லை.